கயிற்றின் மறுமுனை

தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர், தம் காருக்கு ஓராண்டு நிறைந்ததை முன்னிட்டுச் சென்ற ஆவணி மாதத்தில் குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் போய், வண்டிக்கு மாலை சாத்திச் சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, திரும்பும் வழியில், தம் வீட்டில் தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கப்படி பனிமய மாதா ஆலயத்திலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீடு சேர்ந்தார். சேர்ந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "இன்ஷ்யூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும், எந்தக் கம்பெனி நம்பத் தகுந்தது?" என்பதுதான். நான் வாய் திறக்குமுன், திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவருடைய சித்தப்பா குறுக்கிட்டார்: "ஏல, முருகன்ட்டயும் மாதாட்டயும் ஒப்படைச்சிட்டு வந்துட்ட, பொறவு மூணாவதா ஒரு கம்பேனி எதுக்குல?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயினும், பெரியவர் விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்வி விளையாட்டில் முடிகிற கேள்வியன்று என்பது அன்றிரவு கடற்கரை வழியே தனியாக நடந்து திரும்புகையில் எனக்குத் தோன்றிற்று. இறைவன் காப்பான் என்று உள்ளபடியே விசுவசிக்கிறவன், ஒருவேளை தீங்கு நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பணம் கட்டி ஏற்பாடு செய்துகொள்வது அவிசுவாசத்தின் சின்னமா? அல்லது, எந்த ஏற்பாடும் செய்துகொள்ளாமல் எல்லாவற்றையும் அவன் தலையில் சுமத்திவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் பக்தியின் வேஷம் பூண்ட சோம்பலா? இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் வேதாந்த நூல்களைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. எனக்கு இடப்புறத்தில் இருட்டில் இரைந்துகொண்டிருந்த அந்தக் கடலிலேயே, பல நூற்றாண்டுகளாக, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கிய மனிதர்கள் இதை ஆராய்ந்து ஒருவாறு முடிவும் கண்டிருக்கிறார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, தாமிரபரணியின் முகத்தில் செழித்திருந்த காயல் துறைமுகத்தை வருணித்ததோடு, மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போர் செய்துகொண்டிருந்த ஓர் ஏற்பாட்டையும் குறித்து வைத்தார். வியாபாரிகள் தங்களுக்குக் கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கை அரசனுக்குச் செலுத்தினார்கள். இருபதில் ஒரு பங்கை, சுறா முதலிய பெருமீன்கள் குளியாட்களைத் தீண்டாதவாறு மந்திரத்தால் அவற்றைக் கட்டிவைப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கட்டு அன்றைய பகலுக்கு மாத்திரமே செல்லுபடியாகும். இருட்டிய பிறகு களவாகக் குளிக்க வருகிறவன் அஞ்ச வேண்டும் என்பதற்காக, மாலையில் மந்திரவாதியே கட்டை அவிழ்த்துவிடுவான். இக்காலத்துப் பாலிசிப் பத்திரம் ஒன்றை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்தவருக்கு இதில் ஆச்சரியம் ஏதும் இராது. இருபதில் ஒரு பங்குதான் பிரீமியம்; சுறாதான் காப்புக்கு உட்பட்ட ஆபத்து; சூரிய அஸ்தமனமே காலவரம்பு; களவே விலக்கு. மார்க்கோ போலோ இதைச் சொன்ன இடமும் கருதத்தக்கது. 1298-ல் ஜெனோவா நகரத்துச் சிறையில் இருந்தபோதுதான் அவர் தம் பிரயாணக் கதையைச் சக கைதி ஒருவரைக்கொண்டு எழுதுவித்தார். நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழையதென்று கருதப்படும் கடல் இன்ஷ்யூரன்ஸ் பத்திரம் 1347-ல் அதே ஜெனோவாவில் எழுதப்பட்டது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததென்று சொல்ல நான் துணியவில்லை; கடலுக்கு அஞ்சிய மனித உள்ளம் இரண்டு கரைகளில் இரண்டு விதமாகக் கைநீட்டித் துணை தேடிற்று என்று மட்டும் சொல்வேன்.

சுறாவைக் கட்டும் இந்த மனிதனுக்குக் கடல்கட்டி என்று பெயர். ஐரோப்பியர் ஆட்சி வந்த பிறகும் அவன் உத்தியோகம் போகவில்லை. அவன் கரையில் வந்து நின்றாலொழியக் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மறுத்தார்கள். இலங்கையைப் பற்றி 1859-ல் பெருநூல் வெளியிட்ட எமர்சன் டென்னென்ட், எதிர்க்கரையிலே தாம் கண்ட கடல்கட்டி மரபைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்கிறார். அக்காலத்தில் அந்தப் பரம்பரையின் தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர். மந்திரம் சொல்கிறவர் எந்த மதத்தவர் என்பதைக் குளியாட்கள் பொருட்படுத்தவேயில்லை. இரண்டாவது செய்தி இன்னும் சுவையானது. டென்னென்ட் போன சமயம் தலைவருக்கு உடம்பு சுகமில்லை. அவர் ஒரு பிரதிநிதியை அனுப்பியிருந்தார். தமக்கு அந்த மந்திர ரகசியம் தெரியாது என்றும், ஆனாலும் தலைவரின் பிரதிநிதியாகத் தாம் வந்து நிற்பதையே சுறாக்கள் மதித்து நடக்கும் என்றும் அந்தப் பிரதிநிதி அமைதியாகச் சொன்னாராம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று தமக்குத் தெரியாவிட்டாலும் "கம்பெனி பார்த்துக்கொள்ளும் சார்" என்று நம் வாசலில் நின்று உறுதி சொல்லும் ஏஜெண்டுகள் சிலரை நான் அறிவேனாகையால், இதைப் படித்தபோது அந்தப் பழைய பிரதிநிதி எனக்கு மிகவும் பரிச்சயமானவராகத் தோன்றினார்.

இனி இந்தக் கரையின் செய்தி ஒன்றுக்கு வருகிறேன்; என் விசாரம் முழுவதும் இதைப் பற்றியதே. குளியாள், காலிற் கட்டிய கல்லின் கனத்தால் பல பாகம் ஆழத்திலுள்ள, பார் எனப்படும் சிப்பித் திட்டுக்கு இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷ நேரம் சிப்பிகளை வாரிச் சேர்த்துக்கொண்டு, மூச்சு முட்டும் வேளையில் கயிற்றை அசைப்பான்; மேலே தோணியில் இருப்பவன் அக்கணமே இழுத்தாக வேண்டும். கொட்டாவி விட்டுக்கொண்டோ, பக்கத்துத் தோணியோடு வம்பளந்துகொண்டோ அவன் சற்றே தாமதித்தால், கீழே இருப்பவன் கதை முடிந்தது. அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்லி வருவது, மைத்துனன் கையில் என்பதாகும். உடன்பிறந்த சகோதரனுக்குக்கூடச் சொத்தில் பங்கு கூடும் என்ற நினைப்பு ஒரு கணம் எழலாம். மனைவியின் சகோதரனுக்கோ, கயிறு தவறினால் தன் தங்கை தாலியை இழப்பாள் என்ற ஒன்றே நினைவில் நிற்கும். குளியாள் இறைவனைத் துதித்தான். கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தான். அவ்விரண்டையும் செய்த பிறகு, கயிற்றின் மறுமுனையை ஆராய்ந்து பார்த்து மைத்துனனிடம் கொடுத்தான். இம்மூன்றுக்குமிடையே எந்த முரண்பாட்டையும் அவன் காணவில்லை.

நமக்குத்தான் முரண்பாடாகத் தோன்றுகிறது. அதற்குக் காரணம், தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு வஸ்துக்களுக்கு நாம் வழங்கி வருவது என்று நினைக்கிறேன். இறைவனிடம் வைக்கும் நம்பிக்கை சரணாகதி. அங்கே பரீட்சை செய்வது அபசாரம். மனிதனிடம் வைக்கும் நம்பிக்கை தெளிவின் முடிவு. அங்கே பரீட்சை செய்யாமலிருப்பது அபசாரம். திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று முடித்தார். அந்த அதிகாரத்திலேயே, சுற்றமென்னும் கட்டு இல்லாதவர்களை நம்புவதில் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னார், பற்றில்லாதவர்கள் பழிக்கு நாண மாட்டார்கள் என்பது காரணம். முத்துக்குளிப்பவன் மைத்துனனைத் தேடியதற்கு இதைவிடச் சிறந்த வியாக்கியானம் கிடையாது.

விதி என்பதையும் இங்கே சற்றுச் சொல்லிவிட வேண்டும். வரவேண்டிய விபத்தை எந்தக் கம்பெனியும் தடுப்பதில்லை. தடுப்பதாகச் சொல்வதும் இல்லை. திருச்செந்தூரில் என் நண்பர் வேண்டிக்கொண்டது விபத்து வராதிருக்க. இன்ஷ்யூரன்ஸ் பத்திரம் பேசுவதோ, வந்த பின் அதன் சுமையை எத்தனை தோள்கள் பகிர்ந்துகொள்ளும் என்பதைப் பற்றி. கேள்விகள் வேறாக இருக்கையில் விடைகள் மோதிக்கொள்ள இடமில்லை. பகவான் கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் யோகக்ஷேமத்தைத் தாமே சுமப்பதாக வாக்களித்தார். கிடையாததைக் கிடைக்கச் செய்வது யோகம், கிடைத்ததைக் காப்பது க்ஷேமம். நம் தேசத்தின் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷன் அந்த வாக்கையே தன் இலச்சினையில் பொறித்துக்கொண்டது. இறைவனின் வார்த்தையை ஒரு கம்பெனி எடுத்துக்கொள்ளலாமா என்று ஆஸ்திகர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அந்தச் சுலோகத்தை முழுதும் பார்த்தால் பகவானும் ஒரு நிபந்தனை விதித்திருப்பது தெரியும். வேறொன்றையும் நினையாமல் தம்மையே நினைப்பவர்களுக்கே அந்த வாக்குறுதி. உப்பின் விலையையும் மகளின் கல்யாணத்தையும் லாரி வாடகையையும் இடையறாது நினைத்துக்கொண்டிருக்கும் என் நண்பரும், அவரைப் பார்த்துச் சிரித்த நானும், அந்த நிபந்தனைக்கு உட்படுகிறோமா என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. ஆகையால் எங்களைப் போன்றோருக்கு மானிட ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன.

காயல்பட்டினத்து முஸ்லிம் பெரியோர்களிடம் இதைப் பேசினால் வேறொரு கோணம் புலப்படும். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனிடம் ஒப்படைத்ததாகச் சொல்வது சரியன்று என்று அவர்கள் மார்க்கம் போதிக்கிறது. ஆனால் நிச்சயமற்ற ஒன்றை விலைபேசுவதும், சூதின் சாயலும், வட்டியும் கலந்த இன்ஷ்யூரன்ஸை அவர்களுடைய சட்ட அறிஞர் பலர் ஒப்புவதில்லை. அதற்கு மாற்றாக, எல்லோரும் பொதுநிதிக்குக் கொடையாகச் செலுத்தி, நஷ்டமடைந்தவருக்கு அதிலிருந்து கொடுத்து, மிஞ்சியதைச் செலுத்தியவர்களுக்கே திருப்பும் தக்காஃபுல் என்ற முறை வகுக்கப்பட்டது. மலேசியாவில் அதற்கென 1984-ல் சட்டமே வந்தது. நம் நாடார் வணிகர்கள் ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு தொகையை எடுத்துவைத்து வளர்த்த மகமையும் இதே உணர்ச்சியில் பிறந்ததுதான். பிறன் துன்பத்திலிருந்து எவனும் லாபம் பெறலாகாது என்பது இந்த ஆட்சேபத்தின் உயிர். அதை நான் தலைவணங்கி ஏற்கிறேன். ஆனால் உறவின்முறையும் ஜமாத்தும் தம்மைச் சேர்ந்தவரைக் காக்கும். நெடுஞ்சாலையிலோ, எந்த ஊரானென்று தெரியாத ஒருவன் எந்த ஊரானென்று தெரியாத மற்றொருவன் மீது மோதுகிறான். அவ்விருவருக்கும் மைத்துனன் எங்கிருந்து வருவான்? முன்பின் அறியாத பல்லாயிரம் பேரை ஒரே கயிற்றைப் பிடிக்கச் செய்கிற ஏற்பாடு என்ற அளவில் இன்ஷ்யூரன்ஸ் ஓர் அரிய தர்மமே.

தர்மமென்று சொன்னதனால் நடத்துகிறவர்களெல்லாம் தர்மவான்கள் என்று ஆகிவிடாது. மைத்துனனின் நஷ்டமும் குளியாளின் நஷ்டமும் ஒன்று. கம்பெனியின் லாபமோ, நமக்குக் கொடாமல் மிச்சம் பிடிப்பதில் இருக்கிறது. இயற்கை போடாத அந்த முடிச்சைச் சட்டம் போட்டுப் பார்க்கிறது. போட்ட முடிச்சு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. எதைப் பார்ப்பது? பெயரின் பெருமையையும் கட்டடத்தின் உயரத்தையும் அல்ல. 1906 அக்டோபர் 16-ஆம் தேதி தூத்துக்குடியின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. அதற்கு ஆறு நாட்களுக்குப் பின், 22-ஆம் தேதி, சென்னையில் மலைபோல் நின்ற ஆர்பத்நாட் கம்பெனி இடிந்து விழுந்து, எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பை விழுங்கிற்று. அதன் தலைவர் பின்னர் சிறைத் தண்டனை பெற்றார். நேர்மையே உருவான வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனியோ, அந்நியக் கம்பெனியின் கட்டணப் போட்டியையும் அரசாங்கத்தின் அடக்குமுறையையும் தாங்கும் பணபலமின்றி மறைந்தது. நாணயமில்லாத செல்வமும் கவிழ்க்கும். செல்வமில்லாத நாணயமும் கரைசேர்க்காது. நம்பத் தகுந்தவனிடம் இரண்டும் இருக்க வேண்டும்.

பணபலத்தை அளக்க ஒரு கோல் உண்டு. எதிர்பாராத நஷ்டங்களுக்காக ஒரு கம்பெனி வைத்திருக்க வேண்டுமென்று சட்டம் கேட்கும் உபரி எவ்வளவோ, அதைப்போல் ஒன்றரை மடங்காவது அதன் கையில் இருக்க வேண்டும் என்பது இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஒவ்வொரு கம்பெனியும் இக்கணக்கை வெளியிட்டாக வேண்டும். நாணயத்தை அளக்க, எத்தனை கிளெயிம்கள் வந்தன, எத்தனை தீர்க்கப்பட்டன, எவ்வளவு காலத்தில், எத்தனை புகார்கள் என்ற விவரங்கள் உள்ளன. 1973-ல் 107 கம்பெனிகளை நான்காக ஒன்றுசேர்த்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 2000-க்குப் பிறகு தனியார் மீண்டும் வந்தார்கள். அரசாங்கத்தினுடையது என்ற ஒரே காரணத்தால் கணக்கைப் பாராமல் விடுவதும், தனியாருடையது என்ற ஒரே காரணத்தால் சந்தேகிப்பதும் சமமான பிழைகளே. தூத்துக்குடியிலேயே ரொக்கமில்லாமல் பழுது பார்த்துத் தரும் ஒர்க்‌ஷாப் உண்டா, அல்லது திருநெல்வேலிக்கு இழுத்துச் செல்ல வேண்டுமா என்பதையும் விசாரிக்கத்தான் வேண்டும். பிரீமியத்தில் மலிவு பார்ப்பவர் ஒன்றை நினைவிற்கொள்க: மூன்றாம் நபருக்கான பிரீமியம் மத்திய அரசாங்கம் நிர்ணயிப்பது, எல்லாக் கம்பெனியிலும் ஒன்றே. சொந்த வண்டிக்கான பகுதியில்தான் விலை வேறுபடும். அங்கே மலிவாகத் தருகிறவன் எதைக் குறைத்துக்கொண்டு மலிவாகத் தருகிறான் என்று கேட்பது புத்திசாலித்தனம்.

என் நண்பர் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. இம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அது அதிகம். அவருடைய பழைய கார் இரண்டு நாள் வெள்ளத்தில் நின்றது. நீர் வடிந்ததும் ஆவலை அடக்க மாட்டாமல் அவர் சாவியைத் திருகினார். என்ஜின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உடைந்துபோயிற்று. சீட்டுக்கும் வயரிங்குக்கும் தேய்மானம் கழித்துப் பணம் கொடுத்த கம்பெனி, என்ஜின் கெட்டது வெள்ளத்தாலன்று, வெள்ளத்துக்குப் பின் அவர் செய்த காரியத்தால் என்று கையை விரித்தது. அநியாயம் என்று அவர் நெடுநாள் குமுறினார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தபோது அந்த விலக்கு எழுத்தில் தெளிவாகவே இருந்தது. என்ஜினுக்கென்று தனிக் காப்பைச் சொற்பத் தொகைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் இருந்தது. கடல்கட்டியின் கட்டு பகலுக்கு மாத்திரம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இரவில் இறங்கியவர் நிலைதான் அது. அவருக்கு அன்று காப்பு எழுதிக்கொடுத்தவர் இந்த விலக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. படித்திருக்க வேண்டியவர் படிக்கவுமில்லை.

கயிற்றுக்கு இரண்டு முனைகள் உண்டென்பதையும் மறக்கலாகாது. 1766-ல் இங்கிலாந்தில் மான்ஸ்பீல்டு பிரபு, சுமத்ராவிலிருந்த ஒரு கோட்டையின் காப்பைப் பற்றிய வழக்கில், இன்ஷ்யூரன்ஸ் என்பது இரு தரப்பாரின் பூரண நேர்மையின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்று நிலைநாட்டினார். கம்பெனியின் நாணயத்தைத் துருவித் துருவிக் கேட்கிற நாம், சென்ற ஆண்டு கிளெயிம் வாங்கியதை மறைத்து நோ கிளெயிம் போனஸ் கேட்கிறோமா, வாடகைக்கு ஓடும் வண்டியைச் சொந்த உபயோகம் என்று எழுதுகிறோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். தோணியில் இருப்பவனை ஏமாற்றிவிட்டு நீரில் இறங்கும் குளியாள் எவனும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று இருக்கிறது. சித்தப்பாவின் கேள்விக்கு என் விடையும் அதுவே. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வகுத்து, இப்போது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவில் நிற்கும் கட்டாயக் காப்பு, வண்டிக்காரனைக் கருதி ஏற்பட்டதன்று. அவன் வண்டியில் அடிபடக்கூடிய மூன்றாம் மனிதனைக் கருதி ஏற்பட்டது. விடியற்காலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓரமாக ஒதுங்கி உப்பளத்துக்கு நடந்து போகும் ஒரு தாய், என் காரின் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதன் கணக்கை அவள் பார்க்கவில்லை. அதன் பெயரும் அவளுக்குத் தெரியாது. ஆயினும் என் வண்டியால் அவளுக்கு ஒரு தீங்கு நேர்ந்தால், அவள் குழந்தைகளின் சோறு அந்தக் கம்பெனியின் நாணயத்தைப் பொறுத்தது. என் ஆபத்தை நான் முருகனிடம் ஒப்படைக்கலாம். அது எனக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம். அவளுடைய ஆபத்தை அவளைக் கேளாமல் ஒப்படைக்க எனக்கு அதிகாரம் இல்லை. என் கவனக்குறைவை என் பக்தியால் ஈடுசெய்துகொள்ளலாம் என்று நான் எண்ணினால், அந்தப் பக்தியின் செலவை அவள் ஏற்கிறாள்.

இதைச் சொன்னபோது சித்தப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பம் நல்லாப் பாத்துக் கட்டுல" என்று சொல்லி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். என் நண்பர் மூன்று கம்பெனிகளின் பத்திரங்களை வரவழைத்து, விலக்குகள் எழுதியிருக்கும் பக்கத்தை மூன்று முறை படித்து, மூன்றிலும் விலை நடுத்தரமாக இருந்ததைத் தேர்ந்தெடுத்து, என்ஜின் காப்பையும் சேர்த்துக்கொண்டார். வாசகர்களுக்கு நான் கேட்டுக்கொள்வதும் அவ்வளவுதான்: கோயிலுக்குப் போங்கள், திரும்பி வந்து, பணம் கட்டுமுன், அந்தப் பக்கத்தை ஒருமுறை படியுங்கள்.